ஏத்து, ஓல்டேன், இறக்கு

சங்கரன்கோவில் தாலுகாவைச் சல்லடை போட்டுத் தேடினாலும், மூச்சு விடுவதற்கென்றே தனியாக நேரம் ஒதுக்கி வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் விசில் அண்ணாச்சியாகத்தான் இருப்பார். மற்ற நாங்களெல்லாம் வேலைக்கு நடுவே, பேச்சுக்கு நடுவே, கிடைத்த இடைவெளியில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் விடியுமுன் எழுந்து, பல் தேய்த்து, துண்டை உதறி விரித்து, அதற்கென்றே உட்கார்ந்து மூச்சு விட்டார். அதனால் ஒரு வளவே கிலி பிடித்துப் போய்க் கிடந்தது.

வளவு என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். தெருவுக்கு ஒரே வாசல். உள்ளே நுழைந்தால் எதிரும் புதிருமாக வரிசை வீடுகள். கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு. சங்கரன்கோவிலில் நாங்கள் இருந்த வளவில் கிணற்றுக்கும் பின்னால் ஒரு மாட்டுத் தொழுவம் இருந்தது. மாடு போய்ப் பல வருஷம் ஆகி, தொழுவம் மட்டும் மிச்சம். அந்த வளவில் ஒரு அறையில் நானும், இன்னொரு அறையில் விசில் அண்ணாச்சியும் வாடகைக்கு இருந்தோம். எழுபதுகளின் கடைசி அது. எனக்குக் குருவிகுளம் யூனியன் ஆபீசில் கிளார்க் வேலை. அண்ணாச்சிக்கு, சங்கரன்கோவிலிலிருந்து குருவிகுளம், இளையரசனேந்தல் வழியாகக் கோவில்பட்டி போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. ஆக, காலையில் வளவில் பார்க்கிற முகத்தைத்தான் பஸ்ஸிலும் பார்க்க வேண்டும்.

விசில் என்ற பெயர் அவர் கழுத்தில் தொங்கிய விசிலால் வந்ததென்று நீங்கள் நினைத்தால் அது தப்பு. கழுத்து விசில் எல்லாக் கண்டக்டருக்கும் உண்டு. இவருக்கு நெஞ்சுக்குள் இன்னொன்று இருந்தது. இளைப்பு நோய். தூசி பட்டாலோ, நாலு படி வேகமாக ஏறினாலோ அது தானாக ஊத ஆரம்பித்துவிடும். கரிசல் காட்டில் ஓடுகிற பஸ்ஸில் தூசிக்கு என்ன பஞ்சம்? சில நாள் கழுத்து விசிலை விட நெஞ்சு விசில் கணீரென்று இருக்கும்.

இதில் பெரிய சங்கடம் டிரைவர் மாடசாமிக்குத்தான். ஒரு விசில் என்றால் நிறுத்த வேண்டும், இரண்டு விசில் என்றால் எடுக்க வேண்டும். எந்த விசில் எங்கிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்த்து விசாரித்துக்கொண்டிருந்தால் பஸ் போய்ச் சேருமா? அவர் பாட்டுக்குக் காதில் விழுந்ததை நம்பி ஓட்டினார்.

ஒருநாள் இளையரசனேந்தலில் ஒரு அம்மா கோழிக்கூடையோடு ஏறிக்கொண்டிருந்தாள். ஒரு கால் படியில், இன்னொரு கால் தரையில். பின்னால் நின்ற அண்ணாச்சிக்கு அந்நேரம் பார்த்து நெஞ்சு இரண்டு தரம் ஊதிவிட்டது. மாடசாமி கியரைப் போட்டார். அந்த அம்மாவை அண்ணாச்சி தாங்கிப் பிடித்துக்கொண்டார், ஆனால் கூடை கவிழ்ந்து கோழிகள் அத்தனையும் பருத்திக்காட்டுக்குள் ஓடிவிட்டன. பஸ்ஸே இறங்கிப் போய்க் கோழி பிடித்தது.

"ஒரு கால ஊர்லயும் ஒரு கால பஸ்லயும் வச்சிருக்கேன். அதுக்குள்ள என்னத்துக்குவே ஊதுதீரு?" என்றாள் அந்த அம்மா.

"நான் ஊதலம்மா. நெஞ்சு ஊதிட்டு" என்றார் அண்ணாச்சி, கையில் ஒரு சேவலைப் பிடித்தபடி.

செய்தி முதலாளிக்குப் போய்விட்டது. பஸ் முதலாளி கொஞ்சமாகப் பேசுவார், பேசியதை மாற்ற மாட்டார். ஷெட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"வே, என் வண்டிக்கு ஒரு விசில் போதும். ரெண்டாவது விசில் வேண்டாம். ஆடித் தவசுத் திருவிழா வரைக்கும் பாப்பேன். தவசு அன்னைக்கு நானே வண்டியில வாரேன். உம்ம நெஞ்சுல சத்தம் கேட்டுதுன்னா, கேட்ட எடத்துல பையைக் குடுத்துட்டு இறங்கிரணும்."

அண்ணாச்சிக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. மீசை அரும்புகிற வயதில் அந்த ஃபுட்போர்டில் ஏறியவர். வழியில் உள்ள ஊர்களில் யார் வீட்டில் கல்யாணம், யார் மருமகளோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். லீவு நாளில்கூட குளித்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் போய் நின்று பஸ்ஸைப் பார்த்துவிட்டு வருவார். அந்தப் பஸ்தான் அவருக்குக் குடும்பம். அதிலிருந்து இறங்கச் சொன்னால் மனுஷன் எங்கே போவார்? அன்று சாயங்காலம் கிணற்றடியில் அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து எனக்கு மனசே சரியில்லாமல் போய்விட்டது.

டாக்டர் மாத்திரை கொடுத்து, தினமும் பாலும் முட்டையும் சாப்பிடச் சொன்னார். முட்டைதான் முடியாத காரியம். வளவுக்குச் சொந்தக்காரி கோமதி அக்கா சுத்த சைவம். முட்டை வாடை வந்தால் எந்த அறையிலிருந்து வருகிறது என்று மோப்பம் பிடித்தே வந்துவிடுவாள். கிணற்றில் ஒரு வாளி கூடுதலாக இறைத்தாலே நம் குலம் கோத்திரம் வரை விசாரிக்கிற அக்காவிடம் முட்டை விஷயமாக வாதாட யாருக்குத் துணிச்சல் வரும்?

இந்த நேரத்தில்தான் டிராயிங் மாஸ்டர் வந்து சேர்ந்தார். குருவிகுளத்துக்காரர், ரிட்டயர் ஆனவர். அடிக்கடி எங்கள் பஸ்ஸில் வருவார். அண்ணாச்சி படும் பாட்டைப் பார்த்துவிட்டு, மாத்திரையோடு மூச்சுப் பயிற்சியும் செய்து பார்க்கும்படி சொன்னார். பாடம் பஸ்ஸிலேயே நடந்தது. ஒரு ஸ்டாப்புக்கும் அடுத்த ஸ்டாப்புக்கும் நடுவே பூரகம், அடுத்த ஸ்டாப்புக்குள் கும்பகம், அதற்கடுத்து ரேசகம். நடுவில் ஆள் ஏறினால் பாடம் நிற்கும்.

"சார், இது எனக்கு வாய்லயே நுழையல" என்றார் அண்ணாச்சி. "நம்ம பாஷையில சொல்லுங்க."

"காத்த உள்ள இழுக்கணும். இழுத்தத உள்ளயே நிறுத்தணும். அப்புறம் தொண்டைய லேசா இறுக்கி, சத்தம் வாறமாதிரி மெதுவா விடணும். இவ்வளவுதான்."

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "ஏத்துதோம், நிறுத்துதோம், பொறவு இறக்குதோம். இது நம்ம தொழில்லா சார்."

அன்றிலிருந்து பூரகம் 'ஏத்து' ஆயிற்று. ரேசகம் 'இறக்கு' ஆயிற்று. கும்பகத்துக்கு அவரிடம் ஏற்கெனவே ஒரு நல்ல சொல் இருந்தது. வெள்ளைக்காரன் 'ஹோல்ட் ஆன்' என்று சொல்லிவிட்டுப் போனதை நம் கண்டக்டர்கள் பஸ்ஸின் பக்கவாட்டில் பட்டென்று தட்டி 'ஓல்டேன்' என்பார்களே, அதேதான். மாஸ்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், சாஸ்திரத்தில் ஓல்டேன் கிடையாதென்று. அண்ணாச்சி கேட்கவில்லை.

அவர் அறைச் சுவரை ஒட்டி விசைத்தறி. கோழி கூவுமுன் தறி ஓட ஆரம்பித்து, பஞ்சுத்தூள் ஜன்னல் வழியாக வரும். அங்கே உட்கார்ந்து மூச்சை இழுத்தால் காற்றோடு அரை முழம் துணியும் உள்ளே போய்விடும். அதனால் விடியுமுன் பூனை மாதிரி நடந்து, தொழுவத்துக்குள் போய் உட்கார்ந்து பழகினார். ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. இளைப்பு இன்னும் தீரவில்லை என்று ஊரில் பேச்சுக் கிளம்பினால் முதலாளி காதுக்குப் போகுமே என்ற பயம். இதெல்லாம் எங்களுக்குப் பின்னால் தெரிந்த சங்கதி. அப்போது எங்களுக்குக் கேட்டதெல்லாம் தொழுவத்திலிருந்து நீளமாக வந்த ஒரு 'புஸ்ஸ்ஸ்'தான்.

முதலில் கேட்டவள் கோமதி அக்கா. வாசல் தெளிக்கத் தண்ணீர் எடுக்கப் போனவள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். மறுநாள் வளவே எழுந்து உட்கார்ந்து காதைக் கூர்மையாக்கிக் கேட்டது. சந்தேகமே இல்லை. நல்ல பாம்பு. அதுவும் சாமானியப் பாம்பில்லை, இவ்வளவு நீளத்துக்குச் சீறுகிறதென்றால் தொழுவத்துக்குள் முக்கால்வாசி இடத்தை அதுதான் அடைத்துக்கொண்டு கிடக்க வேண்டும். நான் அன்றிலிருந்து போர்வையின் நாலு ஓரத்தையும் உடம்புக்கு அடியில் செருகிக்கொண்டுதான் தூங்கினேன்.

வேறு ஊராக இருந்தால் கம்பைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். எங்கள் ஊரில் கோவில் புற்றுமண்ணைத்தான் எடுத்தார்கள். ஆளாளுக்கு நெற்றியில் பூசிக்கொண்டோம், நிலைப்படியில் வைத்தோம். கோமதி அக்கா தவசு அன்று வெள்ளியில் பாம்பு உருவம் வாங்கிக் கோவிலில் போடுவதாக நேர்ந்துகொண்டாள். அதுவரை பாம்பு கோபப்படாமல் இருக்க, தொழுவத்து வாசலில் கிண்ணத்தில் பாலும் ஒரு முட்டையும் வைக்கத் தொடங்கினாள். ஆமாம், முட்டைதான். பாம்பு விஷயத்தில் சைவம் அசைவம் பார்க்க முடியாதென்று சொல்லிவிட்டாள்.

தொழுவத்துக்குப் போன அண்ணாச்சி பாலையும் முட்டையையும் பார்த்தார். டாக்டர் சொன்னது அக்கா காதில் எப்படியோ விழுந்து, நேரில் கொடுக்கக் கூச்சப்பட்டு இப்படி வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டதாம். முட்டையை உடைத்துக் குடித்தார், பாலைக் குடித்தார். சாப்பிட்ட பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுப் போகிற பழக்கம் அவரிடம் கிடையாது.

"கிண்ணத்தக் கழுவி கவுத்தி வச்சிருக்கு, பாத்தியா!" என்று கோமதி அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "முட்ட ஓட்டக்கூட ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடுக்கி வச்சிருக்கு. போன ஜென்மத்துல நல்ல குடும்பத்துல பொறந்திருக்கும்."

பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் கவிழ்த்த கிண்ணத்தைப் பார்த்துக் கும்பிட ஆள் வந்தார்கள்.

இந்தக் கூத்து ஒரு பக்கம் நடக்க, பஸ்ஸில் அண்ணாச்சி மெல்ல மெல்ல வேறு ஆளாகிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் சட்டென்று கோபம் வரும். யாராவது ஒரு சொல் சொன்னால் ஒன்பது சொல் திருப்பிச் சொல்வார், அந்த ஒன்பதையும் சொல்லி முடிக்க மூச்சு போதாமல் இளைப்பார். இப்போது யாராவது திட்டினால் ஒரு விரலைத் தூக்குவார். ஓல்டேன் என்று அர்த்தம். கண்ணை மூடி மூச்சை நிறுத்திக்கொள்வார். திட்டுகிறவர் கொஞ்ச நேரம் திட்டிப் பார்த்துவிட்டு, இவருக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று பயந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்.

"கோவம் வந்தா ஏத்தி நிறுத்திருங்க தம்பி" என்பார் என்னிடம். "பொறவு மெதுவா இறக்கிப் பாருங்க. கோவம் முந்தின ஸ்டாப்புலயே இறங்கிப் போயிருக்கும்."

படுத்ததும் தூக்கம் வருகிறது என்றார். பசிக்கிறது என்றார். முன்நெற்றியில் முடி முளைக்கிறது என்று குனிந்து காட்டினார், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மகள் கல்யாணம் தள்ளிப் போகிறதென்று சொன்ன அப்பாவுக்கும் ஏத்து, ஓல்டேன், இறக்குதான் மருந்து. ரேடியேட்டர் கொதித்து பஸ் நின்றபோது, "அதுவும் மூச்சு முட்டித்தான் நிக்கி. கொஞ்சம் ஓல்டேன்ல விடும்வே" என்று மாடசாமிக்குச் சொன்னார். எனக்குச் சிரிப்பாக வரும். ஆனால் ஒன்று, நெஞ்சு விசில் குறைந்துகொண்டே வந்தது நிஜம்.

ஆடி பிறந்து காற்றடி காலமும் வந்துவிட்டது. ஒரு விடியற்காலையில் எனக்கு வயிறு சரியில்லை. கக்கூஸ் தொழுவத்தைத் தாண்டி இருந்தது. வேறு வழியில்லாமல் புற்றுமண்ணை நெற்றியில் அப்பிக்கொண்டு கிளம்பினேன். தொழுவத்தை நெருங்கும்போது நீளமாக 'புஸ்ஸ்ஸ்' என்று கேட்டது. சுவரோடு ஒட்டிக்கொண்டேன். சத்தம் நின்றது. சர்ரென்று காற்றை இழுக்கிற சத்தம். அப்புறம் பாம்பு தெளிவாக, கட்டைக் குரலில், "ஓல்டேன்" என்றது.

பயிற்சியின்போது பேசக்கூடாதென்பது மாஸ்டர் போட்ட விதி. அது கண்டக்டரிடம் நடக்கிற காரியமா?

எட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, அவசரமாக மூச்சை இறக்கினார். நான் பாம்புக் கதையைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அய்யோ, அப்ப இது பாம்புக்கு வச்சதா? எனக்குன்னுல்லா நெனச்சேன்." கிண்ணத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "சளி பிடிச்சிருந்த வாரத்துல பால்ல மிளகும் பனங்கல்கண்டும் தட்டிப் போட்டு, சூடா வச்சிருந்தா அக்கா. அதனாலதான் நான் சந்தேகமே படல. தவசு வரைக்கும் பொறுத்துக்கிடுங்க. வெளிய தெரிஞ்சா மொதலாளி காதுக்குப் போயிரும். தவசு முடிஞ்சதும் நானே அக்கா கால்ல விழுந்து சொல்லிருதேன்."

சரி என்றேன். வயிற்று அவசரத்தில் மிளகைப் பற்றி நான் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

தவசு நாள் வந்தது. எனக்கு லீவுதான். ஆனாலும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. காலையிலேயே அந்தப் பஸ்ஸில் ஏறிக் கோவில்பட்டி போய், அதிலேயே திரும்பினேன். அம்பாள் தவசுக் காட்சியைப் பார்க்க வழியெல்லாம் சனம் நின்றது. பஸ்ஸுக்குள் கையை எடுத்தால் திரும்ப வைக்க இடமில்லை. டிரைவருக்குப் பக்கத்து ஸீட்டில் முதலாளி. வெள்ளைச் சட்டை, காதைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாகக் கரிசல் மண் அள்ளி அள்ளி வீசியது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அண்ணாச்சி இறங்கி ஆட்களை ஏற்றிவிட்டு, தானும் ஏறும்போது நான் என் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

குருவிகுளம் தாண்டி ஒரு நிறுத்தத்தில் வயசான ஒருவர் மூட்டையோடு நின்றார். அண்ணாச்சி கீழே இறங்கி, மூட்டையைத் தூக்கிக் கொடுத்து, பெரியவரையும் உள்ளே தள்ளினார். அந்த நேரம் ஒரு சுழற்காற்று அடித்துப் பஸ்ஸுக்குள் மண்ணைக் கொட்டியது. எல்லாரும் கண்ணை மூடினோம். அப்போது கேட்டது. கீய்ங். கீய்ங். இரண்டு தரம்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். மாடசாமி வழக்கம்போல கியரைப் போட்டார். பஸ் கிளம்பிவிட்டது.

"கண்டக்டர் ஏறல, கண்டக்டர் ஏறல" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். அந்தக் கத்தல் முன்னால் போய்ச் சேர்வதற்குள் பஸ் ஓடைப்பாலத்தையே தாண்டிவிட்டது. அங்கேதான் மாடசாமி நிறுத்தினார்.

"கண்டக்டர் கீழ நிக்கான்னா, எவன்லே விசில் அடிச்சது?" என்றார் முதலாளி.

மாடசாமி ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீங்கதான் மொதலாளி."

முதலாளி ஏதோ பதில் சொல்ல வாயைத் திறந்தார். கீய்ங் என்றது. மனுஷருக்கும் அதே நோய். சட்டைக்குள் இத்தனை வருஷம் பொத்தி வைத்திருந்திருக்கிறார். அந்தக் கரிசல் மண் அதை வெளியே கொண்டுவந்துவிட்டது.

பின்கண்ணாடி வழியாகப் பார்த்தோம். காக்கிச்சட்டை பறக்க, தோல்பை இடுப்பில் குதிக்க, அண்ணாச்சி ஓடிவந்துகொண்டிருந்தார். எதிர்காற்று, ஏற்றம், தூசி. நாலு படி ஏறினால் ஊதுகிற நெஞ்சு அது. ஓடி வந்து ஃபுட்போர்டில் ஏறி நின்றார். பஸ் முழுக்க வாயை மூடிக்கொண்டு அவர் நெஞ்சைக் கவனித்தது. அண்ணாச்சி ஒரு விரலைத் தூக்கினார். கண்ணை மூடினார். மெதுவாக இறக்கினார். மூச்சு மேலும் கீழும் வாங்கியதே தவிர, ஒரு சத்தம் இல்லை. விசிலை எடுத்து இரண்டு தரம் ஊதினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் பஸ் எடுக்கவில்லை. முதலாளிக்கு இளைப்பு நிற்காமல் இருந்தது. அண்ணாச்சி கூட்டத்துக்குள் நீந்திப் போய் அவர் பக்கத்தில் குனிந்தார்.

"பேசாதீங்க மொதலாளி. நிமிந்து உக்காருங்க. பதறாம மெதுவா ஏத்துங்க. போதும், ஓல்டேன். இப்ப இறக்குங்க. அவசரமே இல்ல, எல்லாரும் இறங்கட்டும்."

முதலாளி ஏற்றினார், இறக்கினார். பார்த்துக்கொண்டிருந்தவர்களும் தங்களை அறியாமல் கூடவே ஏற்றி இறக்கினார்கள். தவசுக்குப் போகிற பஸ், ஓடைப்பாலத்துக்குப் பக்கத்தில் நின்று மூச்சு விட்டது. கொஞ்ச நேரத்தில் முதலாளியின் முகம் தெளிந்தது. "சரி, வண்டிய எடுங்க" என்றார். பையைக் கொடுக்கச் சொல்லவில்லை. அன்றைக்கில்லை, அதற்கப்புறம் ஒருநாளும் சொல்லவில்லை.

சாயங்காலம் தவசுக் காட்சி முடிந்து கோமதி அக்கா கோவிலிலிருந்து வந்தாள். அண்ணாச்சி இன்னும் கடைசி டிரிப்பில் இருந்தார். அவர் வந்து காலில் விழுமுன் அக்காவின் மனசைக் கொஞ்சம் பதப்படுத்தி வைக்கலாமே என்று, "பாம்பு உருவம் போட்டாச்சா அக்கா?" என்று ஆரம்பித்தேன்.

"பாம்பு உருவமா? இல்ல தம்பி. ஆள் உருவம்தான் வாங்கிப் போட்டேன்."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அப்புறம்தான் அந்த மிளகும் பனங்கல்கண்டும் ஞாபகம் வந்தது.

"அக்கா, உங்களுக்குத் தெரியுமா?"

"எந்தப் பாம்பு தம்பி கிண்ணத்தக் கழுவி கவுத்தும்?" என்றாள் அக்கா. "ரெண்டு நாள் கும்பிட்டேன். மூணாம் நாள் ஒளிஞ்சு நின்னு பாத்தேன். கிண்ணத்தக் கழுவிட்டு, என் வீட்டுப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுட்டுப் போறான். பொறவு எப்படி நிறுத்த?"

"முட்டை?"

"அதுக்கென்ன. கைய நல்லா கழுவிக்கிட்டேன்." உள்ளே போகத் திரும்பியவள் நின்றாள். "அவன்ட்ட சொல்லிராதீங்க. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா கூச்சப்பட்டுக் குடிக்காமப் போயிருவான். பாம்பு பாட்டுக்கு இருந்துட்டுப் போட்டும்."

அப்படியே இருந்தது. அண்ணாச்சி காலில் விழ வந்தபோது, தலைவலி, நாளைக்குப் பேசலாம் என்று கதவைச் சாத்திவிட்டாள். அந்த நாளை வரவே இல்லை. நான் மாற்றலாகி ஊரைவிட்டு வரும்வரை தொழுவத்து வாசலில் பாலும் முட்டையும் இருந்தன, கிண்ணம் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது.

எனக்கு இப்போது வயதாகிவிட்டது. தூக்கம் குறைவு, கோபம் கூடுதல். டாக்டர் மூச்சுப் பயிற்சி செய்யச் சொன்னார். சொல்லித்தர வந்தவர் பூரகம், கும்பகம் என்றார். எனக்கு வேறு பாஷையில் தெரியும் என்று அனுப்பிவிட்டேன். தினமும் விடியற்காலையில் இந்த அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் உட்கார்ந்து ஏற்றுகிறேன், ஓல்டேன் சொல்கிறேன், புஸ்ஸென்று இறக்குகிறேன். உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறது. முடிந்ததும் கண்ணைத் திறந்து, வாசல் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன். இங்கே யாரும் பால் வைப்பதில்லை.